ஃபைல் எங்கே இருக்கிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், இந்தப் பக்கம் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் தீவு வரைக்கும் கடற்கரையோரம் கேட்டுக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் பயிற்சி மையம் வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக அங்கே வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "சார், விண்டோஸ் மாத்தினோம், ஃபைலெல்லாம் போச்சு." பிள்ளைகளின் சான்றிதழ், படகின் பதிவுச் சான்று, குழுக் கடன் கணக்கு, வளைகுடாவில் வேலை பார்க்கிறவரின் பாஸ்போர்ட் நகல் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கவலை. உட்கார்ந்து தேடினால் பெரும்பாலும் எதுவும் போயிருக்காது, இடம்தான் மாறியிருக்கும். அதனால், உங்கள் ஃபைல் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஏன் திடீரென்று எல்லோரும் மாறுகிறார்கள் என்றால், விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அடுத்தது விண்டோஸ் 11. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். பழைய மெஷின்கள் பலவற்றில் அது இல்லை. ஆகவே சிலர் இருக்கிற மெஷினிலேயே புது விண்டோஸுக்கு மாறினார்கள், சிலர் மெஷினையே மாற்றினார்கள். இந்த இரண்டு பேருக்கும் பிரச்சினை வேறு வேறு.

அதே மெஷினில் அப்டேட் வழியாக மாறியவர்களுக்குப் பயம் குறைவு. ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய விண்டோஸின் கோப்புகள் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற ஃபோல்டரில் 10 நாள் இருக்கும், அப்புறம் தானாகவே அழிந்துவிடும். ஃபார்மேட் பண்ணாமல் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால், உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அந்த ஃபோல்டருக்குள் 'யூசர்ஸ்' என்ற இடத்தில் கிடக்க வாய்ப்பு உண்டு. எதையாவது காணோம் என்றால் முதல் வாரத்திலேயே அங்கே போய்ப் பாருங்கள். இடம் அடைக்கிறது என்று யாராவது 'டிஸ்க் கிளீனப்' ஓட்டச் சொன்னால், பார்த்து முடிக்கிற வரைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடையில் கொடுத்து ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போடுகிறவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம்மில் பலர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே வைக்கிறோம். திரையில் முன்னால் தெரிவதால் அது தனி இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே வழக்கமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. சி டிரைவை ஃபார்மேட் பண்ணினால் எல்லாம் சேர்ந்து போய்விடும். "சி டிரைவ் மட்டும்தான் அழிப்போம், உங்க டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொன்னாலும், டெஸ்க்டாப்பில் இருப்பதை நகல் எடுத்தார்களா என்று நேராகக் கேளுங்கள். எடுத்த நகலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஒன்டிரைவ், அதாவது நம் ஃபைல்களை இணையத்தில் வைத்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்டின் சேமிப்பிடம். இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். புது லேப்டாப்பை முதல்முறை திறக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லும். நுழைந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனால், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். அதாவது அந்த மூன்று ஃபோல்டரும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளே போய்விடும், அதில் இருப்பதெல்லாம் இணையத்தில் உள்ள உங்கள் கணக்கிலும் ஏறும். இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி மட்டும். ஒரு கல்யாண வீடியோவுக்கே அது காணாது. நிறைந்ததும் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

ஒன்டிரைவ் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். லேப்டாப் கடலில் விழுந்தாலும் சான்றிதழ் பிழைக்கும் என்றால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அடையாளத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நீல நிறத்தில் மேகம் மாதிரி தெரிந்தால், அந்த ஃபைல் உங்கள் மெஷினில் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது. பச்சை வட்டத்துக்குள் டிக் தெரிந்தால் மெஷினிலும் இருக்கிறது. முழுக்கப் பச்சை நிரம்பிய வட்டத்தில் வெள்ளை டிக் என்றால், எப்போதும் இந்த மெஷினிலேயே வைத்திரு என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள்.

தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கிற அந்த 61 நாளில்தான் அதிகாரிகள் வந்து படகுகளை ஆய்வு செய்கிறார்கள். பதிவுச் சான்று எங்கே என்று கேட்கும்போது லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். ஃபைல் பெயர் தெரிகிறது, தட்டினால் திறக்கவில்லை. இறங்குதளத்தில் சிக்னல் இல்லை, பக்கத்தில் நீல மேகம். இப்படி மாட்டாமல் இருக்க வீட்டிலேயே அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பச்சை வட்டம் வரும் வரைக்கும் காத்திருங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. லேப்டாப்பில் இடம் காலியாக்குகிறேன் என்று ஒன்டிரைவுக்குள் இருப்பதை டெலிட் செய்தால், இணையத்திலும் அழியும், அதே கணக்கில் உள்ள போனிலிருந்தும் போகும். ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். இடம் மட்டும்தான் வேண்டும் என்றால் டெலிட் வேண்டாம், ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். ஒன்டிரைவே வேண்டாம் என்று பேக்கப்பை நிறுத்துகிறவர்களுக்கு டெஸ்க்டாப் திடீரென்று காலியாகத் தெரியலாம். பதற வேண்டாம். பழையதெல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருக்கும். நகல் எடுத்து வெளியே வைத்துக்கொள்ளலாம்.

ரைட் கிளிக் மெனு மாறிவிட்டது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பி, பேஸ்ட், பெயர் மாற்று, டெலிட் எல்லாம் இப்போது சின்னப் படங்களாக மெனுவில் ஒரே வரிசையில் இருக்கின்றன. பழைய நீளமான மெனு வேண்டுமென்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தட்டுங்கள். ஒரே ஜன்னலில் பல டேப் திறக்கிற வசதியும் வந்திருக்கிறது. ஒரு டேப்பில் பென் டிரைவ், இன்னொன்றில் டாக்குமெண்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு நகல் எடுப்பது சுலபம்.

சரி, கிடைத்த ஃபைல்களை எப்படி அடுக்குவது? மண்டபம் பக்கம் பாசி வளர்க்கும் மகளிர் குழு ஒன்றின் கணக்கைப் பார்த்தேன். மிதவை கட்டின செலவு, கயிறு, காய்ந்த பாசியின் எடை, வந்த பணம் என்று ஒன்றுகூட விடாமல் எழுதி வைத்திருந்தார்கள். எக்ஸலில் அவ்வளவு சுத்தமான கணக்கு. ஆனால் ஃபைல் பெயர்கள் 'கணக்கு', 'கணக்கு புதுசு', 'கணக்கு புதுசு 2', 'கணக்கு கடைசி'. கணக்கு எழுதுகிற அக்கா இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் ஊருக்குப் போன அன்று வங்கியிலிருந்து யாராவது வந்தால் எது சரியானது என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

பெயரில் முதலில் வருடம், அடுத்து மாதம், அப்புறம் விஷயம். '2025-04 பாசி விற்பனை', '2025-05 பாசி விற்பனை'. இப்படி வைத்தால் பெயர் வரிசையில் காட்டும்போதே காலவரிசையும் வந்துவிடும். தேதிக்கு நடுவில் சாய்வுக்கோடு போட முடியாது, விண்டோஸ் அனுமதிக்காது. சின்னக் கோடு போடுங்கள். தமிழிலேயே பெயர் வையுங்கள், யூனிகோடில், அதாவது எல்லா மெஷினிலும் போனிலும் படிக்க முடிகிற பொது எழுத்துமுறையில் அடித்தால் நன்றாகவே வேலை செய்யும். ஃபோல்டரும் அதிகம் வேண்டாம். வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போனால் போட்டவருக்கே வழி மறந்துவிடும். யாருக்காக அடுக்குகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கணவர் கடலுக்குப் போயிருக்கும்போது மனைவிக்குக் கிடைக்க வேண்டும், அப்பா கத்தாரில் இருக்கும்போது மகளுக்குக் கிடைக்க வேண்டும்.

தமிழில் பழைய ஃபைல் வைத்திருக்கிறவர்கள் புது மெஷினில் ஒரு அதிர்ச்சியைச் சந்திப்பார்கள். ஊர்ச் சங்கத் தீர்மானங்கள், ஜமாஅத் கடிதங்கள், கோயில் கணக்கு எல்லாம் ஒரு காலத்தில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு புது மெஷினில் இல்லை என்றால், திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, அதைக் காட்டும் எழுத்துரு மட்டும்தான் இல்லை. பழைய மெஷினில் சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போய் அந்த எழுத்துருவை நகல் எடுத்து, புது மெஷினில் நிறுவினால் திரும்பத் தமிழாகத் தெரியும். பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். தெரிய ஆரம்பித்த பிறகு, முக்கியமானவற்றை மட்டுமாவது யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மாற்றித்தரும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. யூனிகோடில் இருந்தால்தான் உள்ளே இருக்கும் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேட முடியும், போனிலும் படிக்க முடியும்.

நகல் என்றதும் பலர் பென் டிரைவைக் காட்டுகிறார்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் இரும்புக் கிராதியே அரித்துப்போகிறது, பென் டிரைவின் முனை எவ்வளவு நாள் தாங்கும்? மூடி போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அதோடு விடாமல் இன்னொரு இடத்திலும் ஒரு நகல் இருக்கட்டும். மதுரையில் படிக்கிற பிள்ளையிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கலாம், இல்லை முக்கியமான சான்றிதழ்கள் மட்டும் ஒன்டிரைவில் இருக்கலாம். அவற்றுக்கு 5 ஜிபி தாராளம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் பேனா எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற விண்டோஸ் 11 லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் முழுவதும் பூட்டிக்கொள்ளும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற வசதி பலவற்றில் தானாகவே இயங்க ஆரம்பித்துவிடுகிறது. திருடன் கையில் போனாலும் படிக்க முடியாது, அது நல்லதுதான். ஆனால் மெஷின் பழுதாகி, டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால், 48 இலக்கமுள்ள மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. இது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கடையில் யாரோ ஒருவருடைய மெயில் முகவரியைப் போட்டு லேப்டாப்பைத் தயார் பண்ணிக் கொடுத்திருந்தால், எண் அவருடைய கணக்கில்தான் இருக்கும். ஆகவே செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதிக்குப் போய், எந்த மெயில் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் முதலில் அதை மாற்றுங்கள். மாற்றிய பிறகு, பூட்டு வசதியின் பக்கத்துக்கே போய் மீட்பு எண்ணைப் புதிதாக உங்கள் கணக்கில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, பட்டாவும் குடும்ப அட்டையும் இருக்கிற உறையில் வைத்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கிற இடத்தைச் சொல்லி வையுங்கள். நன்றி, வணக்கம்.