பத்தாவதைப் பாதியில் விட்டவங்க சிபியூ திறக்கலாமா?

[காட்சி: மேசை மேல் மூடி கழற்றிய பழைய சிபியூ. ஃபேன் முழுக்கப் புழுதி.]

வணக்கம்ங்க. இந்தப் புழுதி எங்கிருந்து வந்துச்சுன்னு நம்ம பாலக்காட்டு எல்லைல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்கறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மார்கழி, தையில பாலக்காட்டுக் கணவாய்ல கிழக்கத்திக் காத்து அடிச்சா, கூட்டிப் பெருக்கின வாசல் அரை மணி நேரத்துல பழையபடி ஆயிரும். அதே மண்ணு, பிராசசர் சூட்டை வெளியேத்தற உலோகத் தகடான ஹீட் சிங்க்கோட இடுக்கை அடைக்குது. பிராசசர் சூடேறுது. கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகுது.

சுத்தம் பண்றப்ப ஃபேனை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு ப்ளோயர் அடிங்க. சும்மா சுத்த விட்டா பேரிங் போயிரும்.

[காட்சி: கிரீஸ் கறை படிஞ்ச கை ஒன்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறது.]

இந்தக் கை டூவீலர் பட்டறைல வேலை செஞ்ச கை. ஒன்பதாவதோட படிப்பு நின்னுபோச்சு. வீட்ல தமிழ், கடைவீதில மலையாளம், புத்தகத்துல இங்கிலீஷ். கம்ப்யூட்டர் ரிப்பேர் கத்துக்க இப்படி வர்றவங்களை உக்கார வெச்சு முதல் நாளே பூஜ்யமும் ஒண்ணும் வெச்சுப் போடற பைனரி கணக்கு போட்டா, மூணாம் நாள் ஆள் வர மாட்டாங்க. வராதது அவங்க தப்பில்லைங்கறது என் கட்சி.

அந்தத் தம்பிகிட்ட டிஸ்ப்ளே வராத ஒரு கம்ப்யூட்டரைக் குடுத்தோம். "வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல என்ன பாப்பே?"

"பெட்ரோல் இருக்கான்னு பாப்பேண்ணா. அப்பறம் பிளக்."

அதேதான் இங்கயும். முதல்ல கரண்ட் வருதா, மானிட்டர் கேபிள் இறுகி இருக்கா. அப்பறம் ரேம், அதாவது மெமரி அட்டை. கரண்டைத் துண்டிச்சுட்டு ரேமை மொத்தமா கழட்டிட்டு ஆன் பண்ணச் சொன்னோம். பீப், பீப்னு கத்துச்சு. உள்ளே ஸ்பீக்கர் இருக்கற பல மதர்போர்டுகள்ல இப்படிக் கத்தினா, போர்டுக்கும் பிராசசருக்கும் உசிரு இருக்குன்னு அர்த்தம். மறுபடி ஆஃப் பண்ணி, ரேமோட தங்க நிறப் பல்லை அழிரப்பர் வெச்சுத் தேய்ச்சு, ரெண்டு பக்கமும் 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தினான். திரை வந்துருச்சு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பு: கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கி நிக்கும்.

[காட்சி: விண்ணப்பப் படிவங்கள்.]

வேலை தெரிஞ்சாலும் சான்று வேணும்ல? ஐடிஐ-ல கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டனன்ஸ்னு ஒரு வருஷ டிரேடு இருக்கு. அதுக்குப் பத்தாவது பாஸ் ஆகணும். விட்டுப்போனவங்களுக்கு ரெண்டு வழி. 1989-ல ஆரம்பிச்ச தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ். 14 வயசு ஆனா பத்தாவதுக்குச் சேரலாம். இன்னொண்ணு கேரள எழுத்தறிவு இயக்கமான சாக்ஷரதா மிஷனோட பத்தாம் தரம் துல்யதா, அதாவது பத்தாவதுக்குச் சமமான படிப்பு. அதுக்கு 17 வயசு ஆகியிருக்கணும். பிலிப்பைன்ஸ்ல பள்ளியை விட்டவங்க மாற்றுக் கல்வியையும் கம்ப்யூட்டர் சர்வீசிங்கையும் சேர்த்தே படிக்கற வழி இருக்கு. நம்ம பக்கம் பகல்ல பட்டறை, லீவு நாள்ல வகுப்புன்னு நாமளே சேர்த்துக்க வேண்டியதுதான்.

[காட்சி: விரல் நுனியில் காசு அளவு பேட்டரி.]

கடைசியா இது. சிஆர் 2032, மூணு வோல்ட். கடைக்கு வந்த ஒரு அக்கா, "நெட்டு போச்சு தம்பி, பேங்க் சைட்டே திறக்கல"ன்னாங்க. மோடத்தை மாத்தக் கிளம்பிட்டோம். நம்ம பட்டறைத் தம்பிதான் திரையோட மூலையைக் காட்டினான்: தேதி பல வருஷம் பின்னாடி நின்னுச்சு. மதர்போர்டு பேட்டரி தீர்ந்தா கடிகாரம் பின்னுக்குப் போயிரும். தேதி தப்பினா பாதுகாப்புச் சோதனைல சைட்டு திறக்காது. பேட்டரியை மாத்தி, தேதியைச் சரி பண்ணிக் குடுத்தோம். அந்த அக்கா இன்னிக்கும் நெட்டைத்தான் ரிப்பேர் பண்ணினோம்னு ஊர்ல சொல்லிட்டு இருக்காங்க.