ஏலம் போன பூசணிக்காயும் ஒழுகிய கூரையும்

நேயர்களுக்கு வணக்கம். நான் குருவானவரும் இல்லை, பொறியாளரும் இல்லை. வங்கியில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். "பேங்கில் இருந்தவர்தானே, கணக்கைப் பாரும்" என்று எங்கள் ஊர்க் கோயிலின் பொருளாளர் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு வருஷம் பார்த்தேன். எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். நான் அப்படியே பேசிக்கொண்டு போகிறேன். பழைய கோயில் கட்டடத்தைக் காப்பாற்றப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான் பேச்சு.

எங்கள் பக்கத்துப் பழைய கோயில்களைப் பார்க்கிறவர்கள், வெள்ளைக்காரர் பணத்தில் ஒரே மூச்சில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போய்ப் பாருங்கள். கால்டுவெல் அங்கே 1847இல் தொடங்கிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்து மூன்று வருஷம்! அஸ்திவாரம் தோண்டியபோது பிறந்த குழந்தை, பிரதிஷ்டை நாளில் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். இந்த மாதிரிக் கட்டடத்துக்குப் பணம் என்பது ஒருநாள் சமாச்சாரமாக என்றைக்கும் இருந்ததில்லை.

என் அம்மா காலத்தில் அந்தப் பணம் அரிசியாக வந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவாள். அடுப்பு மூட்டிய நாளெல்லாம் இது நடக்கும். டப்பா நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். அங்கே பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். சோறு வடித்தால் பாதி குழையும், பாதி வேகாது. அதனால் மாவுக்கென்று மலிவாக வாங்கிப் போவார்கள். அந்தக் கைப்பிடி இன்று பல வீடுகளில் நின்றுவிட்டது. மாதாமாதம் சங்கக் காணிக்கை என்கிற சபைச் சந்தா, பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று மாறியிருக்கிறது.

அப்புறம் ஏலம். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவோம். அந்த ஏலத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சந்தையில் அறுபது ரூபாய் பெறாத பூசணிக்காய். மும்பையில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஐந்நூறு என்றார். அவருடைய மச்சினர் ஆயிரம் என்றார். பெண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுத்து இழுத்துக் கடைசியில் நாலாயிரத்து இருநூறுக்கு மும்பைக்காரர் எடுத்தார். எடுத்த கையோடு, "மறுபடி ஏலம் விடுங்க" என்று காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அந்த ஒரு காய் மூன்று தடவை விலைபோனது.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பொருளாளருக்குத்தான் பாடு. ஏலம் கேட்டவர்களில் பாதிப் பேர் "எழுதிக்கோங்க, அனுப்பிடுறேன்" என்று ரயிலேறிவிடுவார்கள். அடுத்த பண்டிகைவரை அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

சரி, வந்த பணம் எங்கே போனது? இதைச் சொல்லத்தான் வந்தேன். எங்கள் கோயில் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. நான் பொறுப்பேற்பதற்கு முன்பு, நல்ல மனதுள்ள ஒருவர் பெரிய தொகை கொடுத்து, பழைய பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு சிமெண்டு பூசி, பளபளவென்று பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். பெயர் வெட்டிய கல்லும் பதித்தாயிற்று. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். சிமெண்டு அதன் மூச்சை அடைத்துவிட்டது. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் உப்புப் பூத்து, பாளம் பாளமாக உதிர்ந்தது. அதே வருஷம் பலிபீடத்துக்கு மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. காரணம், தண்ணீர் வெளியேறும் தூம்பில் அடைத்திருந்த வேப்பிலையும் அதில் வேர்விட்ட ஒரு அரசங்கன்றும். அதை எடுக்க ஓர் ஆள் கூலி போதும். தூம்பு சுத்தம் பண்ண நன்கொடை தருகிறேன் என்று யாரும் வந்ததில்லை. வந்தாலும் எந்தக் கல்லில் பெயர் வெட்டுவது?

அதனால் நாங்கள் கட்டடப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு தொடங்கினோம். குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாய். வெளியூரில் இருப்பவர்களுக்கும் அதே நூறுதான். ஏலத்தில் வந்ததில் ஒரு பங்கை வைப்பு நிதியில் போட்டு, வட்டியை மட்டும் எடுத்தோம். கோயில் பெயரில் வங்கிக் கணக்கு, அதற்கே க்யூஆர் கோடு. பொருளாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் போடச் சொன்னால், தயவுசெய்து போடாதீர்கள். நான் பொருளாளராக இருந்தவன், சொல்கிறேன். மாதக் கடைசியில் வரவு செலவை வாசல் பலகையில் ஒட்டினோம். "தூம்பு சுத்தம் செய்த கூலி" என்ற வரியைப் பார்த்த பிறகுதான், நின்றுபோன சந்தாக்கள் திரும்ப வந்தன.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் கவனம் வேண்டும். வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளை, இந்தியப் பாஸ்போர்ட்டோடு, தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் ஆகும். அதை வாங்க முறையான பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென உள்ள கணக்கும் வேண்டும். தேவாலயங்களைச் சீரமைக்கத் தமிழக அரசு சிறுபான்மையினர் நலத்துறை மூலம், கட்டடத்தின் வயதைப் பொறுத்து நிதி தருகிறது. அதற்கு வெளிநாட்டு உதவி பெற்றிருக்கக் கூடாது என்று நிபந்தனை உண்டு. ஆக, எந்தக் கதவைத் தட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வருமான வரிச் சலுகையை நம்பிக் கொடுக்காதீர்கள். வரலாற்று முக்கியத்துவமோ பெரும் புகழோ உள்ளதாக மத்திய அரசு அறிவித்த ஆலயத்தைப் புதுப்பிக்கக் கொடுத்தால்தான் அது கிடைக்கும், அதுவும் பழைய வரிமுறையில் மட்டும்.

பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் ஜன்னல் கதவுகளுக்கு நான்கு நாள் வேலை பார்த்துக் கொடுத்தார். சாரம் கட்டக் கம்பும் கயிறும் ஒரு கொத்தனார் வீட்டிலிருந்து வந்தன.

உங்கள் ஊரிலும் நூறு வருஷம் கண்ட கோயில் ஒன்று இருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஓர் ஆளை ஏணி வைத்து மேலே ஏற்றுங்கள். தூம்பில் கிடக்கும் இலையை அள்ளச் சொல்லுங்கள். அவர் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், நோட்டில் எழுதி வைக்காமல். வணக்கம்.