ஒரு வரியிலிருந்து முழுப் பாட்டுக்கு

அனைவருக்கும் வணக்கம். ஆன்மிகத்தை இணையத்தில் எங்கே தேடுவது என்று பேசச் சொன்னீர்கள். ஆன்மிகத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. காலையில் கைப்பேசியைத் திறந்தால் பூப்படத்தோடு ஒரு பொன்மொழி வந்திருக்கும். கீழே புத்தர் பெயரோ வள்ளலார் பெயரோ போட்டிருப்பார்கள். எந்த நூல், எந்தப் பாட்டு என்பது மட்டும் இருக்காது. என் கவலையே அதுதான்.

'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்பதைக் கேட்டிராத தமிழர் அபூர்வம். அண்ணா அதை மேடையேற்றினார். திருமந்திரத்தில் வரும் திருமூலர் வாக்கு என்பதும் பலருக்குத் தெரியும். சரி, அடுத்த அடி என்ன? 'நன்றே நினைமின் நமனில்லை' என்று போகிறது. இதை நன்றாக நினையுங்கள், எமன் உங்களுக்கு இல்லை என்கிறார். உங்கள் சித்தத்தில் அது நிலைபெறும்படி நினைந்து உய்யுங்கள் என்று முடிக்கிறார். எல்லோரும் ஒரே குலம் என்ற எண்ணம் மனத்தில் ஊன்றினால் மரண பயமே போய்விடும் என்றல்லவா சொல்கிறார்! எவ்வளவு பெரிய வார்த்தை! முதல் அடியோடு நிறுத்திக்கொண்டவருக்கு இது கிடைக்காமலே போகிறது.

முழுப் பாட்டைத் தேடிப் போக இன்று காசு வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். சைவத் திருமுறைகளும் வைணவத் திவ்வியப் பிரபந்தமும் இருக்கிற அதே இடத்தில் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இருக்கிறது, சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி இருக்கிறது, நபிகளின் வரலாற்றைப் பாடும் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மதத்தை அவருடைய நூலிலிருந்தே தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. தேடும்போது பாட்டின் முதல் அடியைக் கொடுத்துத் தேடுங்கள். திருமந்திரத்தில் பாட்டு எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எண்ணை மட்டும் நம்பினால் வேறு பாட்டில் போய் நிற்பீர்கள்.

பாட்டு கிடைத்துவிட்டது, பொருள் புரியவில்லை. சைவத் திருமுறைப் பாட்டு என்றால், அப்போது 'தேவாரம்' என்ற இணையதளத்துக்குப் போகலாம். பன்னிரு திருமுறைக்கும் தருமபுரம் ஆதீன உரை அங்கே இருக்கிறது. ஓதுவார்கள் பாடிய ஒலிப்பதிவுகளும் உண்டு. ஆராய்ச்சி நோக்கில் படிப்பவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் 'கணினித் தேவாரம்' பாருங்கள். 2007-ல் வந்தது. வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கத்தோடு, ஒரு சொல் தேவாரத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் சொல்லடைவும் அதில் உண்டு. ஓர் உரையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இரண்டு உரைகள் முரண்படும் இடத்தில்தான் நாமே யோசிக்கத் தொடங்குகிறோம்.

பௌத்தத்துக்கு சுத்தசென்ட்ரல் என்ற இணையதளம் இருக்கிறது. பாலி மூலமும் மொழிபெயர்ப்பும் அங்கே கிடைக்கும். புத்தர் சொன்னதாக ஏதாவது வந்தால், எந்தச் 'சுத்தத்தில்', அதாவது பாலி நூல்களில் உள்ள எந்தப் புத்தர் உரையில், இருக்கிறது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள், அப்புறம் அங்கே போய்ப் பாருங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பாடல் பெற்ற தலம், அதாவது தேவாரத்தில் பாடப்பட்ட சிவன் கோயில், எதுவென்று பார்த்து, அதன் பதிகத்தை எடுத்து, உரையோடு ஒருமுறை படியுங்கள். அப்புறம் ஓதுவார் குரலில் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். வணக்கம்.