உயிலில் இல்லாத பள்ளிக்கூடம்: பிராட்வேயில் பிறந்த பச்சையப்பன்

[காட்சி: பிராட்வே, காலை நேரம். கைவண்டிகள், பேப்பர் மொத்தக் கடைகள்.]

பச்சையப்பன் என்றால் சென்னைக்காரர்களுக்கு சேத்துப்பட்டுக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். இப்போது மெட்ரோ நிலையத்துக்கே அந்தப் பெயர். ஆனால் கல்லூரி அங்கே போனது 1940-ல். அதற்கு 98 வருஷம் முன்னால், இதோ இந்தப் பிராட்வேயில்தான் கதை ஆரம்பித்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு இலவசப் பள்ளிக்கூடமாக.

சரி, யார் இந்தப் பச்சையப்பர்?

பிறந்தது 1754-ல். பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மாவோடு சென்னைக்கு வந்த பையனை நாராயண பிள்ளை என்ற துபாஷ் ஆதரித்து வளர்த்தார். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். வெள்ளைக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் நடுவே நின்று பேசி, விலை முடித்து, கடன் ஏற்பாடு செய்து கொடுப்பவர். பச்சையப்பரும் அதே தொழிலில் இறங்கிப் பெரும் பணக்காரர் ஆனார். 1794-ல், 40 வயதில், திருவையாற்றில் காலமானார்.

இறப்பதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதினார். கோயில் கட்டளை, திருவிழா, அன்னதானம் என்று தருமத்துக்கே எழுதி வைத்தார். அந்தக் காலத்துப் பணக்காரர் செய்யக்கூடியதுதான். சிதம்பரம் கிழக்குக் கோபுரத் திருப்பணியிலும் அவர் பெயர் உண்டு. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அந்த உயிலின் நோக்கமே இல்லை.

அப்புறம் எப்படி வந்தது? வழக்கினால்.

அவருக்கு ஆண் வாரிசு இல்லை. கண்ணை மூடியதும் சொந்தத்துக்குள் சண்டை. பணம் கை மாறிக்கொண்டே இருந்தது, தருமம் நின்றுபோனது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. (டெல்லியில் இருப்பது இல்லை, அப்போது சென்னையிலேயே அந்தப் பெயரில் ஒரு கோர்ட் இருந்தது.) அட்வகேட் ஜெனரலாக, அதாவது அரசாங்கத்தின் தலைமை வக்கீலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன், அவருக்குப் பின் ஜார்ஜ் நார்ட்டன் இருவரும் தருமப் பணத்தை மீட்க வாதாடினார்கள். வருஷங்கள் ஓட ஓட வட்டி ஏறியது. கோர்ட் கணக்குப் பார்த்தபோது, கோயில் தருமங்களுக்கு ஒதுக்கியது போகவும் லட்சக்கணக்கில் மிச்சம். அந்த மிச்சத்தைத்தான் கல்விக்குத் திருப்பினார்கள். வழக்கு சீக்கிரம் முடிந்திருந்தால் வட்டியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை என்பது என் கணக்கு.

[காட்சி: பழைய வரைபடம். முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை, நடுவில் பிராட்வே.]

ஆனால் அந்தப் பணம் ஏன் கல்விக்குப் போனது? அன்றைய கருப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு இங்கிலீஷ்தான் சாவி. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் பொறுப்பேற்ற பள்ளியில் அது கிடைத்தது, பைபிளோடு சேர்த்து. 1841-ல் அங்கே படித்த இரண்டு இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற, ஊரே கொந்தளித்தது. பெற்றோருக்கு இங்கிலீஷும் வேண்டும், பிள்ளையும் கைவிட்டுப் போகக் கூடாது. அந்த நேரத்தில், 1842 ஜனவரியில், பிராட்வேயில் இந்த இலவசப் பள்ளி திறந்தது. இரண்டு மொழியால் சம்பாதித்த காசு, ஏழைப் பிள்ளைக்கு இரண்டாவது மொழியைக் கற்றுக்கொடுத்தது.

எல்லா ஏழைப் பிள்ளைக்கும் இல்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும். இந்துக்களுக்கு மட்டுமே இடம்; 1947 வரை கல்லூரியிலும் அதுதான் விதி. இந்துக்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கதவு மூடியே இருந்தது. தருமப் பள்ளி என்று பெருமையாகச் சொல்லும்போது பலரும் இதை விழுங்கிவிடுகிறார்கள்.

இடம் போதாமல் போக, சைனா பஜாரில் புதுக் கட்டடத்துக்கு 1846-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1850-ல் திறந்தது. ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கக் கோயில் ஒன்றின் சாயலில் கட்டிய மண்டபம். பள்ளி 1889-ல் கல்லூரியாக வளர்ந்தது. கணிதமேதை ராமானுஜன் 1906-ல் இங்கே சேர்ந்து, எஃப்.ஏ. தேர்வில் (பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்வு) தோற்றார். கணக்கில் இல்லை, மற்ற பாடங்களில்.

[காட்சி: என்.எஸ்.சி. போஸ் சாலை, ஹைகோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம். கேமரா கடைகளின் பெயர்ப்பலகையிலிருந்து மேலே நகர்கிறது.]

சைனா பஜார் சாலைக்கு இப்போது பெயர் என்.எஸ்.சி. போஸ் சாலை. மண்டபம் அங்கேயேதான் இருக்கிறது. கீழே முழுக்கக் கடைகள் மறைத்திருப்பதால் பஸ்ஸில் போகிறவர்கள் கவனிப்பதில்லை. ஹைகோர்ட் பக்கத்து நடைபாதையில் நின்று, கடைகளுக்கு மேலே பாருங்கள். தூண்கள் தெரியும்.