தெருவிளக்குக் கம்பத்துல செல் டவர், வருஷ வாடகை 300 ரூபாய்! இதைச் செய்யற கம்பெனிங்க ஏன் தேறவே மாட்டேங்குது?

மக்களே, ஒரு கேள்வி. தெருவிளக்குக் கம்பத்துல ஒரு குட்டி செல் டவரை மாட்ட, நம்ம ஊர்ல வாடகை எவ்வளவு இருக்கும்? முன்னூறு ரூபாய். மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு! 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசு திருத்தின விதியில நகரத்துக்கு 300, கிராமத்துக்கு 150னு போட்டாங்க. ஆனா இந்தக் குட்டி டவரை மட்டுமே நம்பி உலகம் முழுக்கக் கடை விரிச்ச கம்பெனிங்களைப் பாத்தா, பாதி பேர் வித்துட்டுப் போயிருக்காங்க. அதுல ஒருத்தர் கதை செம இன்ட்ரஸ்டிங். கடைசிவரை பாருங்க, நடுவுல ஓடிடாதீங்க.

மொதல்ல சீக்கிரமா அடிப்படையை முடிச்சிடறேன். பெரிய டவர்ங்கறது தெருவுக்கு வர்ற தண்ணி லாரி. குடம் ஏற ஏற ஆளுக்குக் கிடைக்கறது குறையும். ஸ்மால் செல், அதாவது இந்தக் குட்டி டவர், சந்துக்குச் சந்து குழாய். நம்ம 5ஜி முக்கியமா ஓடற 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டறதுக்குள்ள சோர்ந்துடும். அதனால மால், மெட்ரோ, ஆபீஸ், கூட்டமான கடைத்தெரு, இங்கெல்லாம் குழாய் வேணும். தியரி ஓவர்.

"ஐயோ, கதிர்வீச்சு!"ன்னு கமெண்ட் போடக் கை போயிடுச்சா? கொஞ்சம் இருங்க. வீட்டுக்குள்ள வைக்கற ரகப் பெட்டி சிக்னல் விடற சக்திக்கு, மொபைல் நெட்வொர்க்குக்கு உலகத் தரநிலை எழுதற 3ஜிபிபி அமைப்பு வெச்சிருக்கற உச்சவரம்பு 100 மில்லிவாட். உங்க கையில இருக்கற போன் சிக்னலுக்குத் திண்டாடும்போது 200 மில்லிவாட் வரைக்கும் போகும். பெட்டியை விட போன்தான் ஜாஸ்தி கத்துது! பக்கத்துலயே பெட்டி இருந்தா போன் கத்தவே வேண்டாம், குரலைக் குறைச்சுக்கும்.

[திரையில்: கூரையில ஒட்டின வட்டமான வெள்ளைக் கருவி]

சரி, யாரெல்லாம் செய்யறாங்க? எரிக்சன், நோக்கியா, ஹுவாவே, இசட்டிஇ, சாம்சங். எரிக்சன் 2013ல கொண்டு வந்த ரேடியோ டாட், எடை 300 கிராமுக்கும் கம்மி. சாதாரண லான் கேபிள் ஒண்ணுலயே கரன்ட்டும் சிக்னலும் வந்துடும். மூளை வேற ரூம்ல இருக்கும், கூரையில ஒட்டிக்கிட்டு இருக்கறது வாய் மட்டும்தான். நோக்கியாவுக்கு நம்ம ஒரகடத்துலயே நெட்வொர்க் கருவி செய்யற தொழிற்சாலை இருக்கு. 2014ல மூடினாங்களே, அது ஸ்ரீபெரும்புதூர் செல்போன் தொழிற்சாலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இப்போ நான் சொல்லத் துடிச்சிட்டு இருக்கற கதை. ஏர்ஸ்பான்.

அமெரிக்காவுல ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கம்பெனி. அங்க ஸ்பிரின்ட்னு ஒரு ஆபரேட்டர் இருந்தாங்க. கையில 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கொட்டிக் கிடக்கு, ஆனா அது வீட்டுக்குள்ள நுழைய மாட்டேங்குது. சொத்து இருந்தும் சாப்பிட முடியாத பணக்காரன் நிலைமை. சுவருக்கு உள்ள ஸ்மால் செல் வைக்கலாம். ஆனா குழாய் வெச்சா பைப் யாரு போடறது? ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னாடி ஃபைபரோ பிராட்பேண்டோ வரணும். காசு போறதும் அங்கதான், மாசக்கணக்குல இழுக்கறதும் அங்கதான்.

2017ல ஏர்ஸ்பான் செஞ்சு குடுத்த பதில்தான் மேஜிக் பாக்ஸ். ஷூ டப்பா சைஸ். ஜன்னல் ஓரமா வை, பிளக்கைச் சொருகு, அவ்வளவுதான். இன்டர்நெட் வயர் கிடையாது, ஆள் வந்து மாட்டற வேலை கிடையாது. போன்ல இருக்கறதை விட நல்ல ஆன்டெனாவால வெளிய இருக்கற டவரை அதுவே பிடிச்சுக்கும், உள்பக்கம் புதுசா ஒரு எல்டிஇ, அதாவது 4ஜி சிக்னலை விடும். அதாவது லாரித் தண்ணியையே தடிமனான ஹோஸ் போட்டு இழுத்து, வீட்டுக்குள்ள குழாயாத் திறந்து விட்டுட்டாங்க! தகுதியான வாடிக்கையாளருக்கு இலவசமாவே குடுத்தாங்க. 30,000 சதுர அடி வரைக்கும் கவர் பண்ணும்னு ஸ்பிரின்ட் சொன்னாங்க. அது அவங்க விளம்பரக் கணக்கு, அப்படியே நம்பிடாதீங்க. ஆனா யோசனை இருக்கே, எனக்கு இன்னிக்கும் கைதட்டத் தோணுது. பெர்மிஷன், பைப், ஆள்கூலி மூணு தலைவலியையும் வாடிக்கையாளரோட ஜன்னல்லயே வெச்சுத் தீர்த்துட்டாங்க பாருங்க!

ஏர்ஸ்பான் நம்ம ஜியோவுக்கும் பெட்டி குடுத்திருக்கு, ஜப்பான்ல ராகுட்டன்ங்கற ஆபரேட்டருக்கும் குடுத்திருக்கு. இவ்வளவு பெரிய வாடிக்கையாளருங்க! 2021ல நியூயார்க் பங்குச் சந்தையில லிஸ்ட் ஆனாங்க. 2024 மார்ச் கடைசியில? திவால் சட்டப் பாதுகாப்பு கேட்டு கோர்ட் படி ஏறிட்டாங்க. அப்புறம் கடனைச் சீரமைச்சு தனியார் கம்பெனியா வெளிய வந்தாங்க.

இவங்க மட்டும் இல்ல, ஸ்மால் செல் செஞ்ச மத்தவங்க கதையும் பாருங்க. இங்கிலாந்தோட யுபிகுயிசிஸை 2013ல சிஸ்கோ 31 கோடி டாலருக்கு வாங்குச்சு. ஸ்பைடர்கிளவுட்டை 2017ல கார்னிங் வாங்குச்சு. ஆமா, கொரில்லா கிளாஸ் செய்யற அதே கார்னிங்தான்! கேம்பிரிட்ஜோட ஐபி ஆக்சஸ் 2020ல மாவெனிர்ங்கற டெலிகாம் சாஃப்ட்வேர் கம்பெனி கிட்ட போயிடுச்சு.

ஏன் இப்படி? என் கருத்து, திட்டினாலும் பரவாயில்ல: பெட்டியில குறையே இல்ல. வாங்கற ஆளுங்கதான் கம்மி. ஒரு நாட்டுல மூணு நாலு ஆபரேட்டர்தான். அதுல ஒருத்தர் "இந்த வருஷம் வேண்டாம்"னு சொன்னாலே வருமானத்துல பெரிய ஓட்டை விழும். ஸ்பிரின்டையே 2020ல டி-மொபைல் கூட சேர்த்துட்டாங்க, ஒரு வாடிக்கையாளர் பேரே காணாமப் போச்சு! எரிக்சன், நோக்கியாவுக்கு அந்தக் கவலை இல்ல. பெரிய டவர் ஆர்டரோட இதையும் சேர்த்துத் தள்ளிடுவாங்க. ஆபரேட்டருக்கும் ஒரே இடத்துல வாங்கினா சாஃப்ட்வேர் சண்டை இல்ல, எது கெட்டாலும் ஒரே ஆளுக்கு போன் அடிச்சாப் போதும்.

நம்ம நாட்டுலயும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022ல போபால், டெல்லி ஏர்போர்ட், காண்ட்லா துறைமுகம், பெங்களூரு மெட்ரோன்னு நாலு இடத்துல சோதனை பண்ணிப் பாத்துது. கம்பம் கிடைக்குது, சரி. அதுக்குக் கரன்ட் கனெக்‌ஷனும் ஃபைபரும் யாரு குடுக்கறது, எத்தனை ஆபீஸ் வாசல் ஏறணும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. டெலிகாம்ல ஃபீல்டு வேலை பாக்கறவங்க யாராவது பாத்துட்டு இருந்தா, உங்க ஏரியாவுல எதுக்கு அதிக நாள் ஆகுதுன்னு கமெண்ட்ல போடுங்க, பின் பண்ணி வைக்கறேன். லைக் போட மறந்தவங்க, கை சும்மாதானே இருக்கு?