உள்ளங்கையைக் கொஞ்சம் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கைகூப்பும்போது இரண்டு உள்ளங்கைகளும் மறைந்துவிடுகின்றன, இல்லையா? என்னைப் போன்ற தோல் மருத்துவருக்கு அதில் ஒரு சின்ன நஷ்டம். நான் முதலில் பார்க்க நினைக்கும் இடமே அதுதான்.

இன்று பேச வந்தது சிபிலிஸ், உடலுறவு வழியாகத் தொற்றும் கிருமி நோய். மேகநோய், கிரந்தி என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். பரங்கிப்புண் என்றும் பெயர், பழி பரங்கியர் மேல். ஐரோப்பாவில் இத்தாலியர் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் இத்தாலி ஊரின் பெயரால் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். அது கிடக்கட்டும்.

நான் மேற்படிப்பு படித்த காலத்தில் ஒரு கொத்தனார் வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் பட்டாணி அளவில் செம்பு நிறத் திட்டுகள், ஓரத்தில் லேசாகச் செதில். சிமென்ட் அலர்ஜி என்று எழுதிவிட்டேன். அவரும் அதையே நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கி மூன்று டியூப் தீர்த்திருந்தார். எங்கள் பேராசிரியர் வந்து, "செருப்பைக் கழட்டுங்க" என்றார். உள்ளங்காலிலும் அதே திட்டுகள். "கலவையிலதானே சார் நிக்கிறோம், கால்லயும் சிமென்ட்தான்" என்றார் கொத்தனார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அரிக்குதா?"

"இல்லைங்க. அரிச்சிருந்தா அப்பவே ஓடி வந்திருப்பேனே."

அவ்வளவுதான், என் சிமென்ட் கதை முடிந்தது. சிமென்ட் அலர்ஜிக்காரர் சொறியாமல் ஐந்து நிமிடம் உட்கார மாட்டார். வாயைத் திறக்கச் சொன்னால் உள்ளே வெள்ளைத் திட்டு. கழுத்திலும் அக்குளிலும் வலிக்காத நெறிக்கட்டி. பூச்சி அரித்த துணிபோல் தலையில் அங்கங்கே முடி இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு பிறப்புறுப்பில் ஒரு புண் வந்ததையும், வலியே இல்லாமல் தானாக ஆறிப்போனதையும் அப்புறம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

திரும்பவும் சொல்கிறேன், வானொலியில் படம் காட்ட முடியாதே. உடம்பில் பரவலாகத் தடிப்பு, உள்ளங்கை உள்ளங்காலிலும் இருக்கிறது, அரிப்பு இல்லை அல்லது மிகக் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இப்படி வந்த எல்லாமே சிபிலிஸ் இல்லை. கண்ணால் பார்த்து யாரும், நானும்தான், முடிவு கட்ட முடியாது. வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற சோதனை, அதை உறுதிசெய்ய டி.பி.எச்.ஏ. மாதிரி இன்னொன்று. கூடவே எச்.ஐ.வி. சோதனையும்.

இந்த நோயின் தந்திரம், தடிப்பு தானாகவே மறைவதுதான். எந்தக் களிம்பைத் தடவியிருந்தாலும் பெயர் அந்தக் களிம்புக்குப் போய்விடும். கிருமி உள்ளேயே இருக்கும். பல வருடம் கழித்து இதயத்தையோ மூளையையோ தாக்கலாம். மூளைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் தொடக்கத்திலேயே போவதும் உண்டு. தடிப்போடு பார்வை மங்கினால், காது மந்தமானால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, சிகிச்சை. 1943-இல் முதன்முதலாக நான்கு பேருக்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் அதுதான் முதல் மருந்து. இந்தத் தடிப்பு நிலையில் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஒரே தடவை. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். நோய் பழையதாகிவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, இந்தத் தடிப்பு நிலையில், டாக்சிசைக்ளின் மாத்திரை 14 நாள், கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது கூடாது. ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், தடிப்பு கொஞ்சம் கூடுதலாகவும் தெரியலாம். கிருமி சாவதால் வருவது அது, ஒரு நாளில் அடங்கும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். கர்ப்பிணிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக, முதல் செக்கப்பிலேயே இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். தாய்க்கு உரிய நேரத்தில் பெனிசிலின் போட்டால் குழந்தையைக் காப்பாற்றலாம். துணைவருக்கும் சோதனை, சிகிச்சை. இல்லாவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த மாதிரி பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையம் எங்கே என்று கேளுங்கள், அங்கே ரகசியம் காப்பார்கள். சிகிச்சை முடிந்து ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் ரத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும், அந்தக் கொத்தனார் இரண்டு தடவையும் தவறாமல் வந்தார். நன்றி, வணக்கம்.