ஆறு கிட்டாரில் ஐந்தை விற்றுவிட்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் மும்பை செம்பூரிலிருந்து ஒரு நேயர் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன்.

அவர் கல்லூரிக் காலத்திலிருந்து வாசிக்கிறார், பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. திலக் நகரில் ஒரு படுக்கையறை வீடு. ஆறு கிட்டார் இருக்கிறது. கல்லூரியில் வாங்கிய விலை குறைந்த அக்கூஸ்டிக், பிக்கப் (கம்பியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) வைத்த சாலிட் டாப் அக்கூஸ்டிக், ஒரு நைலான் கிட்டார், ஒரு டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார், ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் இன்னொரு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு பன்னிரண்டு கம்பி. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவோடு வாசிக்கிறார். வீட்டில் பெரும்பாலும் ராஜா சார் பாட்டுகள். இப்போது வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, இடம் வேண்டும். அவர் கேட்பது இதுதான்: "எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக வாசிப்பேனா? நிறைய கிட்டார் இருப்பதால்தான் எதிலும் கவனம் போகவில்லை என்று தோன்றுகிறது."

முதலில் வாழ்த்துகள். குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒரே கிட்டார் இருந்தால் கை நன்றாகப் பழகும் என்பது உண்மைதான், ஆனால் அது யாருக்கு உண்மை என்று பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ள ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு நான் எப்போதும் ஒரு கிட்டார்தான் சொல்வேன். நைலான் கிட்டாரின் நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படிகிற பட்டை) அகலம் சுமார் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் 43, 44. கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வரும் அந்த வித்தியாசத்தில் எஃப் பார் கார்டு பிடிக்கிற கை இரண்டும் வேறு வேறு கை. புதிதாகப் படிக்கிற பிள்ளை இன்று இதிலும் நாளை அதிலும் வாசித்தால் விரல் குழம்பிவிடும்.

உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பதினைந்து வருடம் வாசித்த கைக்கு கிட்டார் மாற்றினால் ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். உங்களிடம் இருக்கிற கிட்டார்களில் கம்பியின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். டெலிகாஸ்டருக்கும் ஸ்ட்ராட்டுக்கும் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். நைலான் கிட்டாருக்குப் பொதுவாக 650. ஆகவே கிட்டார் அதிகமாக இருப்பதால் உங்கள் வாசிப்பு கெட்டுப்போகிறது என்று நான் நம்பவில்லை. வாசிக்கிற நேரம் குறைந்திருக்கும். அது வேறு விஷயம், அதற்கு மருந்தும் வேறு.

ஒரே கிட்டாரோடு வாழ்ந்தவர்கள் கதைகளை நிறைய பேர் சொல்வார்கள். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் ஒரே மார்ட்டின் என்-20 நைலான் கிட்டாரை வாசிக்கிறார், அதற்கு ட்ரிக்கர் என்று பெயர். நைலான் கிட்டாரில் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) படுகிற இடத்துக்குப் பொதுவாகப் பாதுகாப்புத் தகடு கிடையாது, அவர் பிக் வைத்து வாசித்தே ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழுந்துவிட்டது. எனக்கு அந்தக் கிட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதை வரும். ஆனால் அதைத் தொடர்ந்து பழுது பார்த்து, ஒட்டி, வாசிக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பராமரிப்பு இல்லாமல் அந்தக் கிட்டார் இவ்வளவு காலம் மேடையில் நின்றிருக்காது.

மறுபக்கம் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் 2019 ஜூனில் நியூயார்க்கில் தன்னுடைய 120-க்கும் மேற்பட்ட கிட்டார்களை ஏலம் விட்டார். 2 கோடி டாலருக்கு மேல் வந்தது, அதைச் சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் ஒரு அமைப்புக்குக் கொடுத்தார். பல வருடம் கையில் வைத்திருந்த கறுப்பு ஸ்ட்ராட் ஒன்று மட்டும் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனது. அப்புறம் 2024-இல் புது ஆல்பம் போட்டார், மேடை ஏறினார், அவருடைய தொனி அப்படியேதான் இருந்தது. ஆகவே விற்றால் கை போய்விடும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம், விற்றால் கை நன்றாகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம்.

சரி, அப்படியென்றால் எத்தனை வைத்துக்கொள்வது? நான் மாதுங்காவில் கிட்டார் சொல்லித் தருவதோடு செட்-அப் வேலையும், அதாவது கிட்டாரை வாசிக்கத் தோதாகச் சரிசெய்து தருவதும், பார்க்கிறேன். மும்பையில் இருப்பவருக்கு இந்தக் கேள்விக்கு விடை ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் உள்ள மாதங்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த மழை மாதங்களில் எத்தனை கிட்டாரை உங்களால் வெளியில் வைத்து, சுருதி கூட்டி, துடைத்து, வாசிக்கிற நிலையில் வைத்துக்கொள்ள முடியுமோ அதுதான் உங்கள் எண்ணிக்கை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நல்ல கிட்டார்களைக் காற்றில் ஈரப்பதம் 45, 50 சதவீதம் இருக்கிற அறையில் வைத்துத்தான் செய்கிறார்கள். ஜூலையில் நம் ஊரில் அது பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். சாலிட் டாப் என்றால் மேல்பலகை அடுக்குகளாக ஒட்டாத முழு மரம். அது ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பிகளின் அடிமுனை பொருந்தியிருக்கிற பிரிட்ஜ் அதோடு மேலே எழும்பும், கம்பி ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகள்) தள்ளிப் போய்விடும். ஆகஸ்டில் என்னிடம் வருகிறவர்களில் நிறைய பேர் "திடீரென்று கிட்டார் கடினமாகிவிட்டது" என்று சொல்லித்தான் வருகிறார்கள். கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் வாசிப்பதையே குறைத்திருப்பார்கள், அதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். செய்ய வேண்டியதெல்லாம் ஈரத்தைக் குறைத்து, கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கொஞ்சம் சரிசெய்து, தேவைப்பட்டால் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்குகிற சேடிலைக் கொஞ்சம் இறக்குவதுதான்.

கேஸில் போட்டு மூடிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மழையில் மூடிய கேஸுக்குள் உள்துணியில் பூஞ்சை பிடிக்கும், கம்பி துருப்பிடிக்கும், எலெக்ட்ரிக்கில் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றை உள்ளே வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒரு கிட்டாருக்கு இது வேலையே இல்லை. ஆறு கிட்டாருக்கு, அதுவும் கைக்குழந்தை இருக்கிற வீட்டில், யாரும் செய்யப்போவதில்லை. கோட்டிங் போட்ட நல்ல ஸ்ட்ரிங் செட் ஒன்றே ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆறுக்கும் மாற்றுவதற்கு மனசு வராது, பழைய கம்பியிலேயே ஓடும், பழைய கம்பியில் வாசிக்க ஆசை வராது. உங்கள் கவனம் சிதறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு கிட்டார் இருக்கிறது, ஆனால் எடுத்தவுடன் வாசிக்கிற நிலையில் ஒன்றும் இல்லை.

இப்போது உங்களுடைய ஆறையும் எடுத்துக்கொள்வோம்.

சபையில் வாசிக்கிற சாலிட் டாப் இருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. பிக்கப் இருக்கிறது, ஞாயிறுதோறும் வேலை இருக்கிறது.

டெலிகாஸ்டரை விற்றுவிடலாம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம், ஏனென்றால் சபைக்கும் அது வேண்டாம், ராஜா சார் பாட்டுக்கும் பெரும்பாலும் அது வேண்டாம். நான் விற்க வேண்டாம் என்பேன். குழந்தை பிறந்த பிறகு உங்களுக்கு வாசிக்க நேரம் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல்தான். ஒரு படுக்கையறை வீட்டில் அந்த நேரத்தில் அக்கூஸ்டிக்கைத் தட்டினால் குழந்தையும் எழும், பக்கத்து வீட்டுக்காரரும் எழுவார். டெலிகாஸ்டர் முழு மரக்கட்டை, உள்ளே குடம் கிடையாது. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. ஹெட்போன் போட்டால் உங்களுக்கு முழுத் தொனியும் கிடைக்கும். அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்களை வாசிக்க வைக்கப்போகிற கிட்டார் அதுதான். ஈரத்துக்கும் அது அக்கூஸ்டிக் அளவுக்கு அசைந்துகொடுக்காது. நெக் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். கம்பியைத் துடைத்து வைத்தால் போதும்.

நைலான் கிட்டார்தான் நீங்கள் யோசிக்க வேண்டியது. வீட்டில் பெரும்பாலும் ராஜா சார் பாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டுகளில் வருகிற விரல் வாசிப்பு நைலான் கம்பியில் வருகிற மாதிரி ஸ்டீலில் வராது. விரல் நகம் வளர்த்து வாசிக்கிறவராக இருந்தால் ஸ்டீல் கம்பி நகத்தைத் தேய்த்துவிடும் என்பதும் உங்களுக்கே தெரியும். நைலான் கம்பி துருப்பிடிக்காது, அடிக்கம்பிகளின் மேல்சுற்று மட்டும் கறுக்கும். உண்மையாகவே மாலையில் அதை எடுக்கிறீர்கள் என்றால் மூன்றாவதாக அது இருக்கட்டும். "எடுப்பேன்" என்றால் வேண்டாம், "எடுக்கிறேன்" என்றால் மட்டும்.

ஸ்ட்ராட் மாதிரிக் கிட்டாரை விற்றுவிடுங்கள். டெலி இருக்கும்போது அது செய்கிற தனி வேலை என்று உங்கள் வாசிப்பில் நான் எதையும் பார்க்கவில்லை. நடு பிக்கப்பும் கழுத்து பிக்கப்பும் சேர்ந்து வருகிற அந்த மணி ஒலியை நீங்கள் மேடையில் தேடுகிறவர் என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

பன்னிரண்டு கம்பியும் போகலாம். அழகான ஒலி, எனக்கும் மிகப் பிடிக்கும். ஆனால் வருடத்தில் எத்தனை பாட்டுக்கு அது வேண்டும்? அதன் சுமையையும் பாருங்கள். சாதாரண ஆறு கம்பி அக்கூஸ்டிக்கில் லைட் செட் போட்டாலே மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல். பன்னிரண்டில் முழுச் சுருதிக்குக் கூட்டினால் 100 கிலோவைத் தாண்டும். அந்த இழுப்போடு மழை ஈரமும் சேர்ந்தால் பிரிட்ஜ் பசை விட்டுப் பெயர்வதற்கு நீண்ட காலம் ஆகாது. வாசிக்காமல் பீரோ மேல் போட்டு வைக்கவே கூடாத கிட்டார் அதுதான்.

அப்புறம் அந்தக் கல்லூரிக் கிட்டார். விற்றால் பணம் ஒன்றும் பெரிதாக வராது, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், விலை குறைந்த கிட்டார் என்று எல்லோரும் தள்ளிவிடுகிற அந்த லேமினேட் பலகைதான் மும்பை மழைக்குத் தாங்கும். அடுக்கடுக்காக இழை மாற்றி ஒட்டிய மரம், ஈரத்துக்கு அவ்வளவு உப்பாது. தொனி சாலிட் டாப் அளவுக்கு வராதுதான். கற்றுக்கொள்கிற கைக்கு அந்தத் தொனி போதும். உங்கள் பாடகர் குழுவில் கிட்டார் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். புதுக் கம்பி போட்டு, ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கிற உயரம்) இறக்கி, அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். முதல் கிட்டார் கடினமாக இருந்ததால் விட்டுவிட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதனால்தான் ஆக்‌ஷனை வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஆக, மூன்று, அல்லது நைலானை எடுப்பதில்லை என்றால் இரண்டு. ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிற இரண்டு மூன்றும் கண்ணில் படுகிற இடத்தில் ஸ்டாண்டில் இருக்கட்டும். கேஸைத் திறந்து எடுக்க வேண்டும் என்றாலே பாதி நாள் எடுக்கமாட்டோம். மழை மாதங்களில் மட்டும் சாலிட் டாப்பை வாசித்து முடித்ததும் சிலிக்கா ஜெல்லோடு கேஸில் வையுங்கள். ஓதம் ஏறுகிற வெளிச்சுவரில் எதையும் மாட்டாதீர்கள். குழந்தை தவழ ஆரம்பித்ததும் ஸ்டாண்டை எடுத்துவிட்டு உள்சுவரில் உயரமாக ஹேங்கர் அடித்துக்கொள்ளுங்கள்.

விற்பதை இன்றே செய்ய வேண்டியதில்லை. விற்கலாம் என்று நினைப்பதை இரண்டு மாதம் நண்பர் வீட்டில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு மாதத்தில் எதையாவது போய் எடுத்துவர மனம் வந்தால் அதை விற்காதீர்கள். ஏனென்றால் விற்ற கிட்டாரைத் தேடித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதே மாடல் தோபி தலாவ் கடைகளில் கிடைக்கும். தன் கை பட்டுத் தேய்ந்த அந்த நெக் கிடைக்காது. ஆனால் மழை தொடங்குமுன் முடிவெடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் கிட்டார் நல்ல நிலையில் இருக்கும், வாங்குகிறவர் எடுத்து வாசித்துப் பார்த்து வாங்குவார். ஆகஸ்டில் அதே கிட்டாரைக் காட்டினால் ஆக்‌ஷன் தூக்கியிருக்கும், விலையைக் குறைத்துக் கேட்பார்.

பன்னிரண்டு கம்பியை விற்கும் வரைக்கும் இரண்டு ஃப்ரெட் அளவு சுருதியை இறக்கி வையுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போகிறது என்றால் பசை விட ஆரம்பித்துவிட்டது. அதை ஒட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் வாங்குகிறவரிடம் சொல்லி அதற்கேற்ற விலை கேளுங்கள்.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.